சித்திக்குக் குரல் கொடுத்தவள்

வாலாஜாபேட்டையில் ஏதாவது ஒரு வீட்டில் குழந்தை செல்போனில் நீதிக்கதை பார்த்துக்கொண்டிருந்தால், அதில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் கொடுமைக்காரச் சித்தி பெரும்பாலும் சௌந்தர்யாவாகத்தான் இருப்பாள். வாரம் முழுக்க ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. ஒருநாள் டவுன் பஸ்ஸில் துண்டு போட்டுச் சீட்டுப் பிடித்த ஒருத்தியை அவள் கிழித்த கிழியைக் கேட்டுத்தான், முன்னால் நின்றிருந்த தபரேஸ் தன் யூடியூப் கார்ட்டூன் கதைச் சேனலுக்குக் குரல் கொடுக்க அவளைக் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டுச் சின்ன அறையில் ரெக்கார்டிங் நடக்கும். ஷூவுக்குள் ஒட்டுகிற ஃபோம் ஷீட்டைச் சத்தம் வராமலிருக்கச் சுவர் முழுக்க ஒட்டியிருப்பான். ஃபேனையும் நிறுத்திவிட்டு, வியர்க்க விறுவிறுக்க அவள் கெட்டவளாகக் கத்துவாள்.

இதில் கொடுமை என்னவென்றால், வீட்டிலும் அவள் சித்திதான். மனைவியை இழந்த சாமுவேலுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள். மூத்தவளின் மகள் ஜீவாவுக்கு எட்டு வயது. வந்த புதிதில் குழந்தை இவள் முந்தானையை விட்டதே இல்லை. சும்மா இருந்திருக்கலாம். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. முதல் கதை வெளிவந்த அன்றைக்கே ஜீவாவை மடியில் உட்காரவைத்து, "பார்றீ, சித்தி கொரலு!" என்று போட்டுக் காட்டினாள். அந்தக் கதையில் சித்தி கேசரியில் விஷம் கலந்து மூத்தாள் மகளுக்கு ஊட்டுவாள். ஜீவா எட்டு நிமிஷமும் கண் கொட்டாமல் பார்த்தாள். முடிந்ததும் மடியிலிருந்து மெல்ல இறங்கிப் போய்விட்டாள்.

அதோடு போச்சு. பிறந்தநாளுக்கு நெய்யை ஊற்றிக் கிண்டிய கேசரியைக் குழந்தை தொடவில்லை. "அப்பா மொதல்ல சாப்டட்டும்" என்றாள். சாமுவேல் சிரித்தான். சௌந்தர்யா ஒரு வாய் அள்ளித் தானே தின்று காட்டினாள். அன்றிலிருந்து எதைப் போட்டாலும் அவளே முதலில் ஒரு வாய் தின்று காட்ட வேண்டும். "அது கதைடீ, சும்மா பேசறேன்டீ" என்று எத்தனை தடவைதான் சொல்வது? ஜீவா நன்றாகத் தலையாட்டுவாள். தட்டில் மட்டும் கை வைக்க மாட்டாள்.

சௌந்தர்யா தபரேஸிடம் போய் நின்றாள்.

"ஒரே ஒரு கதையில சித்திய நல்லவளா எழுதுப்பா."

"இன்னாக்கா நீ! கடைசில கெணத்துல விழறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல? அதுக்குத்தான் வியூஸே ஜாஸ்தி வருது."

"யாரும் விழாட்டி இன்னா? கதைன்னா ஒருத்தி விழுந்தே ஆவணுமா?"

"அப்பறம் நீதின்னு எதப் போடறது?"

நீதியாம் நீதி. அவன் வரைகிற நல்லவள் எல்லாம் சிவப்பு, கெட்டவள் எல்லாம் கறுப்பு, கன்னத்தில் ஒரு மச்சம் வேறு. "அப்ப வேற ஆளப் பாத்துக்க" என்று அவள் செருப்பை மாட்டிய பிறகுதான் இறங்கி வந்தான். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குச் சித்தி கஞ்சி காய்ச்சி ஊட்டுகிற கதை ஒன்றை வேண்டாவெறுப்பாக எழுதிக் கொடுத்தான். இந்த ஒரு தடவை அவள் தொண்டை கிழியக் கத்தவில்லை. வீட்டில் பேசுகிற குரலிலேயே பேசினாள்.

வியூஸ் படு கம்மி. வீடியோவுக்குக் கீழே கமெண்ட் எழுதியிருந்தவர்களுக்கும் ஒரே கேள்விதான்: கஞ்சியில் எப்போது விஷம் வைப்பாள்? ஊரே சேர்ந்து காத்திருக்கிறது. என்ன ஜனங்களோ என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள்தான். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் ஜீவாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதையைப் போட்டாள். கஞ்சி ஊட்டும் இடத்தில் குழந்தை மூச்சுகூட விடவில்லை. முடிந்ததும் நிமிர்ந்து, நிஜமாகவே பரிதாபப்பட்டுக் கேட்டாள்.

"நல்லவ மாதிரி நடிக்கறது ரொம்ப கஷ்டமா இருந்துச்சா, சித்தி?"

சௌந்தர்யாவுக்குச் செல்போனைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்கவில்லை. சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து, ஒரு கவளத்தைத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். ஜீவா அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.