படுதாவை இறக்கிக் கட்டிய தங்கதுரை சார்

பூந்தமல்லியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். கோழிப்பண்ணைகளுக்கு கேஸ் புரூடர் மாட்டுவோம். குஞ்சுகள் குளிர்காயும் ஹீட்டர் அது. குடை மாதிரி சங்கிலியில் தொங்கும். எங்கே வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம்.

பாக்டரியில் ரிடையர் ஆன தங்கதுரை சார், வெள்ளானூரில் ஷெட் போட்டு ஐந்நூறு குஞ்சு இறக்கியிருந்தார். நான் போய் ஹீட்டரை மாட்டினேன். சோப்புத் தண்ணி போட்டு லீக் பார்த்தேன். தீ நீலமாக எரிந்தது. கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை நல்ல மழை. அவர் மனைவி செல்வி அம்மா போன் செய்தார்.

"தம்பி, குஞ்செல்லாம் தூங்கி வழியுது. சாரும் தலைவலின்னு ஷெட்டுக்குள்ளயே உக்காந்திருக்காரு. உங்க ஹீட்டர்ல என்ன கோளாறு?"

"அம்மா, மொதல்ல அவரை வெளிய இஸ்துகினு வாங்க. வெளிய கீற சிலிண்டரை மூடுங்க. மழைக்கு இறக்கின படுதாவைத் தூக்குங்க. தோ, வந்துகினே கீறேன்."

போய்ப் பார்த்தால், சார் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நாற்காலியில் இருந்தார். ஷெட்டின் நாலு பக்கமும் படுதாவைத் தரைவரை இறக்கி, இடுக்கில் கோணி திணித்திருந்தார். செல்வி அம்மா கயிறுகளை அரிவாளால் அறுத்துத் தள்ளியிருந்தார்.

"பாக்டரில சேஃப்டி போர்டு மாட்டினவன்யா நான்! குளிர் வரக் கூடாதுன்னு கட்டினேன். கேஸ் வாடையே வரலையே?"

"எரியறதுக்குக் காத்து வேணும் சார். பத்தலைன்னா விஷக்காத்து வரும். அதுக்கு வாடை கெடையாது."

"இதை நேத்தே சொன்னா என்ன?"

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஆக்சிஜன் வைத்து, மத்தியானம்வரை பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

திரும்பி வந்தபோது ஷெட்டே கீச்கீச்சென்று அலறியது. சார் குனிந்து எண்ணினார்.

"மூணு குஞ்சு போச்சு, செல்வி."

"நாலாவதா நீங்க போகாம இருந்தீங்களே, அது போதும்."

சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. படுதாவின் மேல்பக்கம் நீளமாக இடைவெளி விட்டுக் கட்டி, மறுபடி பற்றவைத்தோம்.

அன்றிலிருந்து நான் மாட்டிவிட்டு உடனே கிளம்புவதில்லை. பற்றவைப்பது, அணைப்பது, காற்றுக்கு வழி விடுவது, மூன்றையும் கஸ்டமரே என் முன்னால் செய்ய வேண்டும். "எங்களுக்குத் தெரியாதா?" என்று சிலர் முறைப்பார்கள். சிரித்துக்கொண்டே நிற்பேன். செய்து காட்டிய பிறகுதான் வண்டியை எடுப்பேன்.