மூத்த மாப்பிள்ளையின் பேட்டரிப் பட்டை

அந்தத் தெருவில் அவரைப் பல்செட்டுக்காரர் என்று சொன்னால்தான் தெரியும். இருபத்தாறு வருடங்களாக மூன்று டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறவர். எதிரே வருகிறவர் வாயைத் திறந்து சிரித்தால் போதும், அது தன் சரக்கா அடுத்தவன் சரக்கா என்று கண் மூடித் திறப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார். பொறுமைசாலி. யார் வம்புக்கும் போகாதவர். இத்தனை நற்குணங்களையும் ஒரு தட்டில் ஏற்றி, சகலை மீது அவருக்கிருந்த பொறாமையை மறுதட்டில் வைத்தால் தராசு முறிந்து காலில் விழும்.

சகலை என்பவர் மனைவியின் அக்கா கணவர். லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊரிலுள்ள மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ஓடலாமா கூடாதா என்று கையெழுத்துப் போடுகிற உத்தியோகம். தண்ணீர் கொடுத்தால்கூட தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, அனுமதி வழங்கிய பிறகுதான் குடிப்பார். அவருக்குத் தலைமுடி இருந்தது. மாமனார் வீட்டில் மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி இருந்தது. இதையெல்லாம் பல்செட்டுக்காரர் விழுங்கி ஏப்பம்கூட விட்டுவிட்டார். மோட்டார் சைக்கிள்தான் தொண்டையில் நின்றது.

இருவரிடமும் ஒரே கம்பெனி, ஒரே வருடத்து மோட்டார் சைக்கிள். வயதில் இருவருக்கும் மூத்தது. மாமனார் ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்த இளமைக் காலத்தில் அந்த வண்டிதான் ஓட்டினார் என்பதால் மூத்த மாப்பிள்ளை ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினார். பதினோரு மாதம் கழித்து இளைய மாப்பிள்ளையும் வாங்கினார். "சின்ன வயசுலேருந்தே ஆசை" என்றார். அந்த ஆசைக்கு அப்போது பதினோரு மாதம்தான் வயது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டிகளும் மாமனார் வீட்டு வாசலில் நிற்கும். மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார். அந்த வண்டியில் பேட்டரி சீட்டுக்கு அடியில், பக்கத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிகிற இடத்தில் இருக்கும். சகலை வண்டியில் அதைப் பிடித்திருந்தது அந்தக் காலத்து எஃகுப் பட்டை. ஒரு முனையில் கீல், மறுமுனையில் காது வைத்த திருகு. பட்டையில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம். இரண்டு வருடம் அலைந்து வாங்கினதாகச் சகலை அடக்கத்தோடு சொல்லிக்கொள்வார், அதுவும் கேட்காமலே. இளையவர் வண்டியில் பேட்டரியைப் பிடித்திருந்தது பழைய சைக்கிள் டியூப். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு.

ஒரு ஞாயிறு மாமனார் குனிந்து பார்த்தார்.

"என்ன மாப்பிள இது, பேட்டரிக்குக் கோவணம் கட்டி விட்டிருக்கீங்க?"

வீடே சிரித்தது. கட்டிய மனைவியும் சேர்ந்து சிரித்தாள். மாமனாரும் வாய்கொள்ளாமல் சிரித்தார். அந்த வாயில் இருந்த இருபத்தெட்டுப் பல்லும் இளைய மாப்பிள்ளை கைப்பட அரம் வைத்து இழைத்துக் கொடுத்தவை.

"பட்டைன்னா மூத்த மாப்பிள வண்டியில இருக்கே, அது பட்டை" என்றார் மாமனார், அதே பல்லால்.

பிறகு குண்டைப் போட்டார். அடுத்த மாதம் பழைய வண்டிகளுக்கெல்லாம் ஓர் ஊர்வலம். "நானும் வரேன். ரெண்டுல ஒண்ணுல பின்னால உக்காந்துக்குவேன். எந்த வண்டின்னு அன்னைக்குக் காலையில சொல்றேன்." சொல்லிக்கொண்டே கண்ணை எஃகுப் பட்டைப் பக்கம் ஓட்டினார்.

வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி ஆறுதல் சொன்னாள். "அப்பா அத்தான் வண்டியிலதான் வருவாரு. நீங்க மனசுல எதையும் வச்சுக்காதீங்க." மனசில் வேறு எதற்கும் அன்று இடமில்லை.

அடுத்த ஞாயிறு சாப்பாடு முடிந்து எல்லோரும் கட்டையைச் சாய்த்த பிறகு, இளைய மாப்பிள்ளை பூனைபோல வாசலுக்கு வந்தார். பையில் ஒரு ரப்பர் கிண்ணமும், டாக்டர்கள் வாயில் அச்செடுக்கிற மாவும் இருந்தன. தண்ணீர் விட்டுக் குழைத்தால் மூன்று நிமிடத்தில் இறுகி, எதன்மேல் அமுக்கினோமோ அதன் உருவத்தை மயிரிழை தப்பாமல் பிடித்துக்கொள்ளும். ஜன்னல் வழியாகச் சகலையின் குறட்டை கேட்டது. அதுவும் ஏறி இறங்கி, லிஃப்ட் மாதிரி ஒழுங்காக இருந்தது. தனக்கு விட்டு விட்டுத்தான் வரும் என்பதை நினைத்து அதற்கும் ஒரு பெருமூச்சு விட்டார்.

திருகைக் கழற்றிப் பட்டையை எடுத்தார். அடிப்பக்கத்தில் பச்சை நிறத்தில் கம்பளித் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அச்சுக்கு அது இடைஞ்சல். உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பட்டையை மாவில் அமுக்கினார். புதினா வாசனை குப்பென்று அடித்தது. மாவு இறுகவும், உள்ளே மாமனார் இருமவும் சரியாக இருந்தது. பதறிப்போய் மாவு விரலோடு பட்டையைத் துடைத்து மாட்டினார். அது கொஞ்சம் ஆடியது. ஏன் ஆடுகிறது என்று யோசிக்க நேரமில்லை. ஒன்றரைச் சுற்று கூடுதலாகத் திருகிவிட்டு, உள்ளே போய்த் தூங்குகிறவர்போலப் படுத்துக்கொண்டார்.

எஃகில் பட்டை அடிக்க அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் பல்செட்டுக்கு ஈறு வார்க்கிற பிளாஸ்டிக். ஈறு எந்த ஊரிலும் ஒரே நிறம்தானே? ஆக, ஒரு வாரத்தில் சகலையின் பட்டை அதே வளைவோடும் அதே அகலத்தோடும் ரோஸ் நிறத்தில் மறுபிறவி எடுத்தது. உள்பக்கத்தைத் தன் பேட்டரிக்கு அச்செடுத்துப் பொருத்தியிருந்தார். மேலிருந்து அமுக்கினால் 'ப்ளக்' என்று கவ்வும். அதன் பிறகு வண்டியைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் பேட்டரி அசையாது.

மனைவி பார்த்தாள். "பேட்டரிக்குப் பல்செட்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மேதைகளுக்கு வீட்டில் என்றைக்கு மரியாதை இருந்தது?

ஊர்வலத்தன்று காலை மைதானத்தில் நாற்பது ஐம்பது கிழ வண்டிகள் புகைவிட்டுக்கொண்டு நின்றன. மாமனார் தொப்பி வைத்துக்கொண்டு வந்திருந்தார். முதலில் இளையவர் வண்டியிடம் வந்து, குனிந்து, விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"நல்ல பிடிமானம் மாப்பிள. குத்தமே சொல்ல முடியாது."

இளைய மாப்பிள்ளையின் நெஞ்சு சட்டைப் பித்தானை முட்டியது.

"ஆனா இதைப் பாத்தா, விடியக்காலையில கண்ணாடியில என் வாயைப் பாக்குற மாதிரியே இருக்கு." நேராகப் போய் மூத்த மாப்பிள்ளையின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இளையவர் முகத்தில் வழிந்ததைத் துடைக்கக் கைக்குட்டை தேடிச் சட்டைப்பையில் கைவிட்டார். அச்செடுத்த ஞாயிறன்று போட்டு, துவைக்காமல் மடித்து வைத்திருந்த அதே கட்டம் போட்ட நல்ல சட்டை. கையோடு வந்தது பச்சைக் கம்பளி.

அந்தக் கம்பளி எதற்காக என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பட்டை எஃகு, வண்டியின் உடம்போடு சேர்ந்தது. இடையில் கம்பளி இல்லாவிட்டால் ஓட்டத்தில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, பேட்டரியின் மின்முனையில் போய் முட்டும். முட்டினால் தீப்பொறி. ஒரு சாண் மேலே பெட்ரோல் டேங்க். அதற்குப் பின்னால் மாமனார்.

சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். மைதானம் முழுக்கச் சிரிக்கும். சொல்லாவிட்டால்? சும்மா வண்டி பாதி வழியில் நின்றுபோனால் போதுமே, ஒரு சின்னப் புகை, சகலை இறங்கித் தள்ளுகிறார், மாமனார் மாறி ஏறுகிறார்... இந்த நினைப்பை அவர் மனசாரச் சுவைத்தார் என்பதை மறைப்பதற்கில்லை. சகலை கியர் போடுகிற வரைக்கும் சுவைத்தார். பிறகு ஓடினார்.

"அண்ணே, நிறுத்துங்க! நிறுத்துங்க!"

"என்ன தம்பி?"

"பேட்டரிப் பட்டையைக் கழட்டிப் பாருங்க."

"நேத்துதானே துடைச்சேன்."

"துடைச்சீங்க. கழட்டுனீங்களா?"

"எதுக்குக் கழட்டணும்? போன வருஷமே செக் பண்ணி முடிச்சாச்சு." லிஃப்டுகளும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அக்காக்காரி குடையை மடக்கினாள். "அப்பா எங்க வண்டியில ஏறிட்டாருல்ல, அந்த வயித்தெரிச்சல்."

"ஏங்க இப்படி மானத்த வாங்குறீங்க?" என்றாள் மனைவி.

மாமனார் மட்டும் காலைத் தூக்கி இறங்கினார். "சிவப்புக்கொடி காட்டுனா வண்டி நிக்கணும். காட்டுனவன் யோக்கியனான்னு அப்புறமா விசாரிச்சுக்கலாம். கழட்டுங்க மாப்பிள."

சகலை கழற்றினார். பட்டையின் அடியில் மின்முனைக்கு எதிரே கடுகளவுக்குக் கருகியிருந்தது. மனுஷன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"இதுக்கடியில ஒரு கம்பளி இருந்துச்சே! எவன் எடுத்தான்?"

இளைய மாப்பிள்ளை உள்ளங்கையை விரித்தார். பச்சைக் கம்பளி, ஓரத்தில் காய்ந்த மாவு. மாமனார் அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"புதினா. எனக்குப் பல்லுக்கு அச்செடுத்தப்போ வந்த வாசனையில்ல இது?"

"அண்ணன் வண்டியில இருக்குற மாதிரி எனக்கும் ஒண்ணு வேணும்னு தோணுச்சு மாமா. ஞாயித்துக்கிழமை எல்லாரும் தூங்குறப்போ..."

"அட, கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேனே தம்பி!" என்றார் சகலை. உண்மையிலேயே கொடுத்திருப்பார், அப்படிப்பட்ட மனுஷன்.

"அதனாலதான் கேக்கல" என்றார் இளையவர்.

மாமனார் விழுந்து விழுந்து சிரித்ததில் கீழ்ச்செட்டு நழுவியது. கையால் தள்ளிப் பொருத்திக்கொண்டார். கம்பளி அதன் இடத்துக்குப் போனது. இவ்வளவு ஆன பிறகு தன் வண்டிக்குத்தான் வருவார் என்று இளையவர் சீட்டைத் துடைத்து வைத்தார். மாமனார் மறுபடியும் மூத்தவர் பின்னாலேயே ஏறிக்கொண்டார். "அதான் கம்பளி வந்தாச்சுல்ல, கிளம்புங்க."

ஊர்வலம் முழுக்க இளையவருக்கு மாமனார் முதுகுதான் காட்சி. பின்னால் மனைவி அவர் தோளில் கைவைத்து, "சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனா சொல்லிட்டீங்க" என்றாள். அது பாராட்டு என்று அவர் முடிவுகட்டுவதற்குள், "கேட்டிருந்தா குடுத்திருப்பாராம்!" என்று முதுகில் முகம் புதைத்துச் சிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்துச் சகலை பல்செட் பட்டறைக்கே வந்தார். கையில் துணிப்பை, பைக்குள் பேட்டரி. வாசலிலேயே நின்று தொண்டையைச் செருமினார்.

"தம்பி, அந்த ஈறு கலர் பட்டை... எனக்கும் ஒண்ணு செஞ்சு தர முடியுமா? எஃகுதான் கரண்டைக் கடத்தும், இது கடத்தாதுன்னு மாமா சொல்றாரு. எனக்கு அன்னையிலேருந்து தூக்கமில்ல."

பல்செட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. கையெழுத்துப் போடுகிற சகலை தன்னிடம் வந்து கையேந்துகிறார்! மூன்று நாள் இரவு பகல் பாராமல் வேலை செய்தார். தன்னுடையதைவிட இரண்டு மடங்கு மெருகு கொடுத்தார். பொறாமை கொடுக்காத கைத்திறனைப் பெருந்தன்மை கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சகலை வண்டி கறுப்பில் மின்னியது. அந்தக் கறுப்புக்கு நடுவே ரோஸ் பட்டை பவளம் பதித்ததுபோல எடுப்பாக இருந்தது. தன் வண்டியில் அது ஈறாகவே இருந்தது.

மாமனார் ஒரு சுற்று வந்து நின்றார். "அடடா! இதுவும் மூத்த மாப்பிள வண்டிக்குத்தான்யா பொருந்துது!" என்று இருபத்தெட்டுப் பல்லும் தெரியச் சொன்னார்.

அன்று சாயங்காலமே இளைய மாப்பிள்ளை தன் வண்டியிலிருந்து 'ப்ளக்' என்று பட்டையைப் பிடுங்கிவிட்டு, பரணில் கிடந்த சைக்கிள் டியூபைத் தேடியெடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.