பீங்கானுக்கு வயதேற்றுபவர்

கிண்ணத்தின் அடிவிளிம்பை நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்து, "இன்னும் அம்பது வருசம் பத்தல" என்று முனகியபடி, அதை மீண்டும் தேயிலைச் சாற்றுத் தொட்டிக்குள் இறக்குகிறார் ஷாவ் பெய்லின். சென்ற வாரம் சூளையிலிருந்து வெளிவந்த கிண்ணம் அது. இருநூற்றைம்பது வயது ஆகவேண்டும், இருநூறுதான் ஆகியிருக்கிறது.

சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேஜென்னில் மண் பிசைய ஒருவர், வனைய ஒருவர், நீலம் தீட்ட ஒருவர் எனத் தொழில் பலவாகப் பிரிந்து கிடக்கிறது. ஷாவுடையது கடைசிப் படி: புதுப் பீங்கானுக்கு வயதேற்றுவது. அதைப் போலி என்று யாரேனும் சொல்லிவிட்டால் முகம் சிவந்துவிடும். "வாங்கறவருதான் கதை கட்டிக்கிறாரு. என் கிண்ணம் வாயே தெறக்கறதில்ல" என்பார்.

மெய்யாகவே பழையது ஒன்றும் அவரிடம் உண்டு. முன்னோர் ஒருவர், ஐரோப்பியக் கப்பலில் அனுப்புவதற்காக, ஏதோ ஒரு பிரபுவின் சிங்கக் குலச்சின்னத்தைத் தீட்டிய கிண்ணம். சிங்கத்தைக் கண்டறியாத அம்மனிதர், தெருநாய்க்குப் பிடரிமயிர் வைத்துச் சமாளித்திருக்கிறார். உடைசலுக்கு ஈடாகக் கூடுதலாகச் செய்த ஒன்று, கப்பலேறாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது. விருந்தினர் வந்தால் தட்டிலுள்ள நூடுல்ஸை ஆறவிட்டுவிட்டு அதை எடுத்து வருவார். "எங்கிட்ட இருக்கறதுல இது ஒண்ணுதான் நெசம்" என்னும்போது அவருடைய குரலே தணிந்துவிடும்.

அதை விலைக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன குவாங்சோ வியாபாரி கொங், அதே போலப் பத்து வேண்டும் என்றார். ஷாவ் அசலை நடுவில் வைத்துக்கொண்டு நகல்களுக்கு வயதேற்றினார். முடித்ததும் நேர்ந்தது ஓர் அவமானம்: நகல்களின் பக்கத்தில் அசல் புத்தம் புதிதாகத் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாகப் பட்டுத்துணிக்குள் சுகமாக இருந்த கிண்ணம் அல்லவா? முன்னோரின் பெயருக்கு இழுக்கு வரலாகாதென்று அதையும் தொட்டியில் அமிழ்த்தினார், செம்மண் பூசினார், விளிம்பைச் சற்றே தேய்த்தார். மறுநாள் காலை மனைவி லியென் எல்லாவற்றையும் கழுவிப் பலகையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ஷாவ் ஒவ்வொன்றையும் நாவால் தொட்டார்; நகத்தால் சுண்டிக் காதருகே பிடித்தார்; சன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். பதினொன்றும் ஒன்றுபோலவே தொன்மையாக இருந்தன.

"எது நம்மளுது?" என்றார் மனைவியிடம்.

"என்னையா கேக்குறீங்க? எவனாலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு பீத்திக்கிட்டது யாரு?"

கொங்கின் வண்டி வந்து நின்றது. உண்மையைச் சொன்னால் அவர் பதினொன்றையும் விடமாட்டார். அனுப்ப மறுத்தாலோ, தம் கைவேலை தமக்கே தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே, உடைசலுக்கென்று ஒன்று கூடுதலாகச் செய்ததாகக் கூறி, விரும்பிய பத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கொங் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்து, ஒன்றை மட்டும் ஒதுக்கினார்.

"இது வேணாம் அண்ணே. பாத்தவொடனே புதுசுன்னு தெரியுது. வயசாகிப்போச்சா உங்களுக்கு?"

ஒதுக்கப்பட்டது அசலென்றால் முன்னோர் தப்பினார். நகலென்றால் முன்னோரும் போனார், கைத்திறனும் போயிற்று. எதுவென்று கேட்க ஊரில் ஆளில்லை. பழசா புதுசா என்று ஊரார் வந்து கேட்கும் ஒரே ஆள் ஷாவ்தான்.

வண்டி புறப்பட்டது. கிண்ணத்தை மார்போடு அணைத்தபடி ஷாவ் தெருவுக்கு ஓடி வந்து, நிறுத்தச் சொல்லி வலக்கையை உயர்த்தினார். ஓட்டுநர் கண்ணாடியில் கண்டு வேகத்தைக் குறைத்தார். கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு, போய்வாருங்கள் என்பதுபோல் மெல்ல அசைந்தது.