புகைபோக்கி மட்டும் அசல் அல்ல

என் வீட்டுக்காரருக்கு வெள்ளை நிறத்தில் பதினாறு வகை தெரியும். பல் செட் செய்கிறவர். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் மென்றுகொண்டிருக்கிறார்கள். பல் மருத்துவர் அளவெடுத்து அனுப்பினால், இவர் மெழுகில் பல்லை அடுக்கி, பிளாஸ்டர் மாவில் அச்செடுத்து, ஈறு நிற அக்ரிலிக்கில் வார்த்து, தேய்த்துக் கொடுப்பார். முத்துமுத்தாக வரிசையாக வேண்டும் என்று யாராவது கேட்டால் மட்டும் கோபம் வந்துவிடும். "உங்க பழைய போட்டோ ஒண்ணு குடுங்க" என்று வாங்கிப் பார்த்து, அதில் முன்பல் எவ்வளவு சாய்ந்திருந்ததோ அவ்வளவு சாய்த்தே வைப்பார். "இல்லாத அழகை எதுக்கு ஒட்டணும்?" என்பார்.

இப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புதுத் துணி உடுத்தி வந்து முன்னால் நின்று "எப்படி இருக்கு?" என்று கேட்டால், ஆசையாக ஒரு வார்த்தை வரும் என்றுதானே எந்தப் பெண்ணும் நினைப்பாள்? "இடது தோள் அரை விரல் இறங்கியிருக்கு" என்பார். நான் தையல்காரி. அது நானே தைத்தது. மனுஷர் வேண்டுமென்று சொல்வதில்லை. சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்கு நீச்சல் வராது. இவருக்குப் பொய் வராது.

பல்லை விட்டால் அவருக்கு ரயில். பொம்மை ரயில் என்று சொல்லிவிடாதீர்கள், முகம் சுண்டிவிடும். 'மாதிரி ரயில்' என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஜன்னல் உள்ள அறை ஒன்றே ஒன்று. அந்த அறையில் ஜன்னலிலிருந்து கதவுவரை ஒரு பலகை. அதன்மேல் தண்டவாளம், சிக்னல், சுரங்கம், தீப்பெட்டி உயரத்தில் ஒரு ஸ்டேஷன், அந்த ஸ்டேஷனில் வராத ரயிலுக்காகப் பெட்டியோடு நிற்கும் ஒரு குடும்பம். மிச்ச இன்ஜின்கள் எல்லாம் அலமாரியில், பல் செட் டப்பாக்களுக்குள். மூடியில் எண் ஒட்டியிருக்கும். வந்த விருந்தாளி ஒருவர் தெரியாமல் ஒரு டப்பாவைத் திறந்து, உள்ளே பல் இல்லாமல் ரயில் இருப்பதைப் பார்த்து ஏமாந்த கதையும் உண்டு.

பழைய ரயில்களை ஏலம் விடுகிற இணையதளம் ஒன்று இருக்கிறது. மற்றவர்கள் மரண அறிவித்தல் படிக்கிற மாதிரி இவர் தினமும் சாயங்காலம் அதைப் படிப்பார். அங்கே விற்கிறவர்கள் ஆனை விலை குதிரை விலை சொல்வார்கள். எழுதியிருப்பதற்கும் பொருளுக்கும் சம்பந்தமே இருக்காது. இத்தனை வருஷம் இவர் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கே அந்தப் பாஷை அத்துப்படி. 'மிக அரிது' என்றால் அதே ஆளிடம் இன்னும் நாலு இருக்கிறது. 'பரிசோதிக்கவில்லை' என்றால் பரிசோதித்தான், ஓடவில்லை. 'வயதுக்கேற்ற சிறு தேய்மானம்' என்றால் சக்கரம் கிடையாது.

படித்துவிட்டுச் சும்மா போகிறவரா இவர்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதுவார். 'மதிப்பிற்குரிய விற்பனையாளர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, பிழைகளுக்கு எண் போட்டு. "வாங்குறதுன்னா வாங்கு, இல்லேன்னா வாயை மூடிட்டுப் போ" என்று ஒருத்தன் பதில் போட்டான். அதையும் எனக்குப் படித்துக் காட்டினார். பாதிப் பேர் இவரைத் தடைசெய்து வைத்திருக்கிறார்கள். இவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

எனக்குத்தான் வருத்தம். என் தையல் மெஷின் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள நடையில் இருக்கிறது. அங்கே ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலே ஒரு ட்யூப்லைட், அதுவும் நினைத்தால் எரியும். போன வருஷம் ஒரு வக்கீலம்மாவின் கறுப்புக் கோட்டுக்குக் கரை மடித்துத் தைத்துக் கொடுத்தேன். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார்.

"என்னம்மா இது, கறுப்புல நீல நூலைப் போட்டிருக்கீங்க? கோர்ட்ல ஜன்னல் பக்கம் நின்னேன், எல்லாரும் என் கோட்டையே பாக்குறாங்க!"

பிரித்துத் திரும்பத் தைத்தேன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேரிடம் அதே பேச்சு. கண் போய்விட்டது, இனி கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று பயந்து கண் மருத்துவரிடம் போனேன். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லாத்தான் இருக்கு. வெளிச்சத்துல உக்காந்து வேலை செய்ங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "எனக்கு அந்த ஜன்னல் வேணும்."

"எடுத்துக்கோயேன்" என்றார் உடனே. "ரயிலை எல்லாம் வித்துட்டு அறையை ஒழிச்சுத் தர்றேன்."

நல்ல மனுஷர்தான், வாக்கு மாறுகிறவர் இல்லை. அன்றைக்கே விற்க உட்கார்ந்தார். அங்கேதான் வந்தது வினை. முதல் இன்ஜினுக்கு அவர் எழுதிய விவரம் எனக்கு இன்னும் மனப்பாடம். 'ஓடும். ஆனால் அதற்கு மனம் இருந்தால்தான் ஓடும். வளைவில் கவிழும். இடது விளக்கு எரியாது. வலது விளக்கு எரிவதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். பச்சை வண்ணம் தவறு, நான் அடித்தது. இதைவிட நல்ல இன்ஜின்கள் இதே விலைக்குக் கிடைக்கும்.' யார் வாங்குவான்? மாசக்கணக்கில் ஒரு ஈ, காக்காய்கூட அந்தப் பக்கம் வரவில்லை. தூக்கிப் போடவும் மனசில்லை. குறைகளைத் தெரிந்து வாங்குகிறவர் கைக்குத்தான் போக வேண்டுமாம். வக்கீலம்மா மட்டும் மனசு இரங்கி இன்னொரு கோட்டு கொண்டுவந்து கொடுத்தார். "இதுவும் தப்பாச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்மா, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு இன்ஜினாவது நல்ல விலைக்குப் போனால், விற்பது எப்படி என்று இவருக்குப் புரியும், ஒவ்வொன்றாக அறை காலியாகும் என்று கணக்குப் போட்டேன். அவர் வேலைக்குப் போனபிறகு அலமாரியிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்து, கறுப்பு இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொண்டு, வெறும் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தேன். 'மகாராஜா ரயில் மாளிகை' என்று ஒரு கணக்கு திறந்தேன். மெஷின் பலகையில் இன்ஜினை வைத்துப் போனில் படம் எடுத்தேன். விவரம் எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. 'மிக மிக அரிது! அரண்மனைச் சேகரிப்பு! எல்லாப் பாகங்களும் அசல்! பல ஆண்டுகளாக யாரும் தொடாதது! பரிசோதிக்கவில்லை.' கடைசி வார்த்தை மட்டும் சத்தியமான உண்மை. எனக்கு அதை எப்படி ஓட்டுவது என்றே தெரியாது.

நாசமாய்ப் போகிறவர்கள், போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள்! இரண்டு பேர் விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். நான் காஜா எடுத்துக்கொண்டே போனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன்.

மறுநாள் சாயங்காலம் போன் சிணுங்கியது. 'மதிப்பிற்குரிய விற்பனையாளர் அவர்களுக்கு.'

எட்டிப் பார்த்தேன். அறைக்குள் இவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். இந்த வகை இன்ஜின் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது, அரிது அல்ல என்பது முதல் பிழை. எந்த அரண்மனை என்று குறிப்பிடாதது இரண்டாம் பிழை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. 'ஐயா, தெரிந்தால் பேசுங்கள். அரண்மனைப் பெயரைச் சொல்ல அனுமதி இல்லை' என்று பதில் போட்டேன்.

அன்று சாப்பிடும்போது இவருக்கு வேறு பேச்சே இல்லை. "யாரோ மகாராஜாவாம். வாய் கூசாம புளுகுறான்."

"பாவம், அவனுக்கு என்ன அவசரமோ" என்றேன்.

"அவசரம்னா உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"உள்ளதைச் சொன்னா எவன் வாங்குறான்?"

"வாங்கலைன்னா அது பாட்டுக்கு அங்கேயே இருக்கும். அதுக்கு என்ன இப்ப?"

அங்கேயே இருக்குமாம். எங்கே? என் ஜன்னலுக்கு முன்னால். கரண்டியை வைத்த சத்தத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

சாப்பிட்டு எழுந்ததும் இன்னொரு கடிதம். படம் ஒரு பக்கம்தான் இருக்கிறது, மறுபக்கத்தைக் காட்டாதது வாங்குகிறவரை ஏமாற்றுவதாகும் என்று. காட்டினால் என்ன, தலையையா வாங்கிவிடுவார்? மறுநாள் அவர் போனதும், இருந்த கோபத்தில் இன்ஜினைத் திருப்பி வைத்து ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டேன். அந்தப் பக்கம் புகைபோக்கியின் விளிம்பில் கறுப்பு வண்ணம் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. உள்ளே ஏதோ ரோஜா நிறமாகத் தெரிந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. உலகத்திலேயே ஈறு நிற அக்ரிலிக்கில் புகைபோக்கி செய்கிறவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

அன்று சாயங்காலம் அவர் கணினியைத் திறந்த சத்தம் கேட்டது. பிறகு அலமாரி திறக்கிற சத்தம். ஒரு டப்பா மூடி திறந்து, திரும்ப மூடிய சத்தம். இப்போது கூப்பிடுவார், இப்போது கூப்பிடுவார் என்று ஊசியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. போன்தான் சிணுங்கியது.

'மதிப்பிற்குரிய விற்பனையாளர் அவர்களுக்கு.

1. எல்லாப் பாகங்களும் அசல் என்பது தவறு. புகைபோக்கி மட்டும் அசல் அல்ல. அது பல் செட் செய்யும் அக்ரிலிக். செய்தவன் நான்.

2. பல ஆண்டுகளாக யாரும் தொடாதது என்பது சரி. வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

3. படங்கள் மிகவும் இருட்டாக உள்ளன. இன்ஜின் கறுப்பா, கருநீலமா என்றே தெரியவில்லை. முதலில் இரவில் எடுத்தது என்று நினைத்தேன். படத்தின் மூலையில் நேரம் விழுந்திருக்கிறது. நடுப்பகல். நடுப்பகலில் இவ்வளவு இருட்டாக உள்ள இடத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து ஊசி கோக்கிறார் என்பது எனக்கு இதுவரை தெரியாது. தினமும் அந்த வழியாகத்தான் நடந்து போகிறேன்.

இந்தப் பிழை விற்பனையாளருடையது அல்ல.'

திரும்பப் படிக்க முடியவில்லை, எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. சண்டை போடுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தை அவ்வளவும் எங்கே போனதோ. அறையிலிருந்து திருகாணி கழற்றுகிற சத்தம் வந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். மனுஷர் பலகைக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கால் இரண்டும் வெளியே.

"என்ன பண்றீங்க?"

"ஸ்டேஷனைத் தூக்குறேன். அந்த முனையைப் பிடி. சிக்னல் உடைஞ்சிடும், மெதுவா."

"விக்காம ஒழிக்க மாட்டேன்னீங்களே?"

"கட்டில் அடியில கிடக்கட்டும். அதுக்கு வெளிச்சம் வேண்டாம்."

பிடித்தேன். தண்டவாளம் துண்டு துண்டாகக் கட்டிலுக்கு அடியில் போனது. பெட்டியோடு நின்ற குடும்பத்தையும் பஞ்சில் சுற்றி உள்ளே வைத்தார். ஆனால் ஏலத்தை மட்டும் விடவில்லை. விவரத்தைத் திருத்தினால்தான் ஆச்சு என்று ஒற்றைக் காலில் நின்று, என் போனிலேயே உண்மையை எல்லாம் எழுத வைத்தார். போட்டி போட்ட இரண்டு பேரும் போன இடம் தெரியவில்லை. மகாராஜா மாளிகை அத்தோடு இழுத்து மூடப்பட்டது. கறுப்பு இன்ஜின் விற்காமல் ஜன்னல் விளிம்பில் நிற்கிறது.

மறுநாள் காலையில் இரண்டு பேருமாக மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலுக்குக் கீழே போட்டோம். வெயில் நேராகப் பலகையில் விழுந்தது. உட்கார்ந்து, வக்கீலம்மாவின் கோட்டை எடுத்து மடியில் விரித்தேன். முதல்நாள்தான் முடித்து வைத்தது, அவர் சாயங்காலம் வாங்கிக்கொள்ள வருவார். கரையைத் திருப்பினேன். கோட்டின் கை முழுக்க, கரை முழுக்க, ஓடின தையல் எல்லாம் நீலம்.

என் கண்ணையே நான் நம்பவில்லை. கோட்டை அவரிடம் நீட்டினேன். "என்னங்க, இந்த நூல் என்ன நிறம்? கறுப்புதானே?"

வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளையில் பதினாறு வகை பார்க்கிற கண். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பக் கோட்டைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"கறுப்புதான்" என்றார்.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் வாயால் நான் கேட்ட முதல் பொய். அதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் புதுத் துணி உடுத்திக்கொண்டு முன்னால் நின்றிருப்பேன்!

"சரி, அந்தக் கத்தரியை எடுங்க" என்று சொல்லிவிட்டு, கரையைப் பிரிக்க ஆரம்பித்தேன். அவரும் எதிரில் உட்கார்ந்து ஒரு கையைப் பிரித்துக் கொடுத்தார்.