அறுபதில் ஆடிய ஸ்டீரிங்

எனக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். வாய் அதற்குப் பின்னால் வரும், புத்தி மறுநாள் காலையில் வரும். இதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அந்த மாசி மாதத்துக்குப் பிறகு சொல்வதில்லை.

என்னிடம் ஒரு ஜீப் இருக்கிறது. மழைக்காலத்தில் எங்கள் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்று காரணம் சொல்லி, அதை நான்கு அங்குலம் உயர்த்தினேன். பெரிய டயர் போட்டேன். உண்மையான காரணம், உயர்ந்த வண்டியில் உட்கார்ந்து கடைத்தெருவில் போனால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்பதுதான். அந்த வேலையைச் செய்து கொடுத்தவர் திருவிடைமருதூருக்கு வெளியே பட்டறை வைத்திருக்கும் பாய். பல வருடம் வளைகுடாவில் இருந்து, பாலைவனத்தில் ஓடும் வண்டிகளைப் பிரித்துப் பூட்டிய மனிதர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முதல் நாளிலிருந்தே என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். வேலை இல்லாத நாளிலும் நான் அங்கே போய் டீ குடித்துவிட்டு வருவேன்.

தை பிறந்ததும் ஸ்டீரிங் லேசாக ஆட ஆரம்பித்தது. ஐம்பதைத் தாண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தால் போதும், கைக்குள் ஒரு நடுக்கம் வரும். டயர் கடையில் கொடுத்துச் சக்கரங்களுக்கு பாலன்ஸ் பார்த்தேன். போகவில்லை. பாயிடம் போயிருக்கலாம். அறுவடை நேரம், யார் போவது? ஆட்டத்தை அடக்க ஒரு டேம்பர் விற்கிறார்கள். அதை வாங்கி நானே மாட்டினேன். நடுக்கம் நின்றுவிட்டது. பாய் இல்லாமலே சரிசெய்துவிட்டேன் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

சம்பா அறுவடை முடியும் சமயம் எங்கள் பக்கம் தார்ச்சாலையில் பாதி, களமாகிவிடும். நெல்லைப் பரப்பி, வண்டிகள் ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்பார்கள். மிச்சமிருக்கும் பாதியில் பஸ்ஸும் லாரியும் எப்படியோ போய்வரும். அன்று அறுவடை இயந்திரத்தின் பெல்ட் அறுந்துவிட்டது. புது பெல்ட் வாங்கக் கும்பகோணத்துக்கு அறுபதில் விரட்டிக்கொண்டு போனேன். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியபோது இடது முன்சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறி இறங்கியது.

அவ்வளவுதான். ஸ்டீரிங் வெறி பிடித்ததுபோல இடமும் வலமுமாக அடித்தது. அதன் குறுக்குக் கம்பி என் கட்டைவிரலை மடக்கி உடைத்தது. வண்டி முழுக்கத் தடதடவென்று உதறியது, கண்ணாடி தெறித்தது, பல் நாக்கில் இறங்கியது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நேரே நெல்லுக்குள் பாய்ந்தது. அங்கே ஒரு பெண் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பயப்படக்கூட அவளுக்கு நேரம் இல்லை. பக்கத்து வாய்க்காலுக்குள் குதித்தாள். அவள் நின்ற இடத்தைத் தாண்டி, மதகுச் சுவரில் மோதி வண்டி நின்றது.

சேறும் ரத்தமுமாக அவள் மேலே ஏறி வந்தாள். முழங்கையில் தோல் உரிந்து தொங்கியது. நெல் தள்ளும் பலகையை எடுத்து என் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"கண்ணு பொட்டையாடா ஒனக்கு? நெல்லு காயிற எடத்துலயா வண்டிய வுடுவ? நான் செத்திருந்தா எம்புள்ளைங்களுக்கு நீயாடா சோறு போடுவ?"

இரண்டாவது அடி முதுகில் விழுந்தது. அதற்குள் கூடிவிட்ட கூட்டத்தில் யாரோ சட்டையைக் கிழித்தார்கள், யாரோ செவிட்டில் விட்டார்கள். நான் வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதான். ஆனால் வாங்கிய ஒவ்வோர் அடிக்கும் மனசுக்குள் பாயின் முகம் வந்தது. வண்டியை உயர்த்தியவன் அவன்தானே, அவன் ஒழுங்காக வேலை செய்திருந்தால் எனக்கு இந்தக் கதி வருமா என்று கறுவிக்கொண்டே இருந்தேன்.

டிராக்டரை வரவழைத்து ஜீப்பை இழுத்துக்கொண்டு மதியம் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். பாயின் மனைவி அப்போதுதான் சாப்பாட்டுக் கூடையுடன் வந்து நின்றார். என் கோலத்தைப் பார்த்ததும் பாய் நேரே வண்டிக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"தம்பி, முன்னால இருக்குற அந்த போல்ட்டு நான்..."

அறைந்தேன். அவர் மூக்குக் கண்ணாடி பறந்து போய்ப் பழைய ஆயில் தட்டில் விழுந்தது. மனைவி "யா அல்லாஹ்" என்று கூடையை அப்படியே கீழே போட்டார். இன்னொன்று கொடுக்கக் கையை ஓங்கினேன். பாய் தடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை. குனிந்து கண்ணாடியை எடுத்து, கைலியில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் சொல்ல வேணாம், சார். நீங்களே கீழ படுங்க."

வண்டியின் ஆட்டத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் என்ஜினை ஓடவிட்டு ஸ்டீரிங்கை இடமும் வலமும் வெடுக் வெடுக்கென்று ஆட்ட வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பார்க்க வேண்டும். பாய் நான்கு சக்கரங்களுக்கும் கல் வைத்தார். நான் படுத்தேன். என்ஜின் உறுமியது. தலைக்கு மேலே அத்தனை இரும்பு. சற்று முன் நான் அறைந்த மனிதன் கையில் ஸ்டீரிங். விரல் நசுங்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் நசுக்கியிருப்பேன்.

"வெரல இடுக்குல வுடாதீங்க, சார். மேலாப்புல மட்டும் வைங்க," என்று மேலிருந்து குரல் வந்தது.

சக்கரங்களை இணைக்கும் கம்பியின் இரண்டு முனைகளிலும் கை வைத்தேன். ஆட்டம் இல்லை. ஸ்டீரிங் பெட்டியிலிருந்து வரும் கம்பி, அதிலும் இல்லை. அச்சு இடம் வலம் நகராமல் சட்டத்தோடு பிடித்து வைக்கும் ஒரு நீளக் கம்பி உண்டு. அதன் முனையில் கை வைத்ததும் டக் டக்கென்று விரலில் அடித்தது. ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. அதற்குள் ஒரு போல்ட் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது. தலை தட்டை, கழுத்து சதுரம்.

எந்த வண்டிக்கடையிலும் அந்த போல்ட்டைத் தர மாட்டார்கள். அது டிராக்டர் கலப்பையில் கொழுவைப் பிடிக்கிற போல்ட். வருடா வருடம் என் கையாலேயே மாற்றுவது, தெரியாதா? கார்த்திகை மழையில் ஜீப் வயலில் நின்றபோது அந்த இடத்து போல்ட் கழன்று சேற்றில் விழுந்துவிட்டது. தேடிக் கிடைக்கவில்லை. கொட்டகையிலிருந்து இதை எடுத்துவந்து மாட்டினேன். ஓட்டையைவிட ஒரு நூல் மெல்லிசு. டவுனுக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மழை விட்டது, நானும் அதை மறந்தே போனேன். பிறகு ஆட்டம் காட்டிக்கொடுத்தபோது டேம்பர் போட்டு அதன் வாயையும் அடைத்தேன்.

அந்த போல்ட் தான் போட்டதில்லை என்றுதான் பாய் சொல்ல வந்திருக்கிறார். அதை முடிக்கக்கூட நான் விடவில்லை.

என்ஜின் நின்ற பிறகும் எனக்கு வெளியே வர மனம் இல்லை. அடியிலிருந்து அவருடைய செருப்பும், பக்கத்தில் சிந்திக் கிடந்த சோறும் தெரிந்தன. அவர் மனைவி உட்கார்ந்து அதை அள்ளிக்கொண்டிருந்தார். அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர்ந்து வெளியே வந்தேன்.

"தப்பு என்னுதுதான், பாய். என்னை ஒரு அடி அடிச்சிருங்க. திருப்பி அடிச்சாத்தான் எனக்கு ஆறும்."

"அதெல்லாம் எனக்குச் சுட்டுப் போட்டாலும் வராது, சார். மொதல்ல அந்த வெரலுக்குக் கட்டுப் போட்டுட்டு வாங்க."

தேய்ந்த ஓட்டைக்குப் புது இரும்பு வைத்துப் பற்றவைத்தார். சரியான போல்ட்டைப் பூட்டி முறுக்கினார். டேம்பரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அது இல்லாமலேயே எண்பதில் ஓட்டிக் காண்பித்தார். வண்டி கோடு போட்டதுபோல நேராகப் போனது.

மறுநாள் அந்தப் பெண் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். முழங்கையில் கட்டோடு வந்தவள், "நேத்தே மொத்திட்டேனே, போ" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அவளிடம் அத்தோடு தீர்ந்தது.

பாயிடம் தீரவில்லை. இன்றைக்கும் வண்டியை அவரிடம்தான் விடுகிறேன். வேலையில் குறை வைப்பதில்லை, டீயும் வரவழைக்கிறார். வாயைத் திறந்து தம்பி என்று மட்டும் கூப்பிடுவதில்லை. இன்ன இடத்தில் இன்ன பழுது என்று எனக்குச் சொல்வதும் இல்லை. போன வாரமும் பிரேக்கில் ஏதோ சத்தம் என்று போனேன். டார்ச் அடித்துப் பார்த்தார். என்ன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

"நீங்களே கைய வச்சுப் பாத்துக்கங்க, சார்."

படுத்தேன்.