கழுவிய கோதுமை

மில்லுக்காரர் யார் கையையும் எதிர்பார்த்து நின்றவர் இல்லை. மூட்டை தூக்கினார், அடுத்தவன் மில்லில் பெல்ட் மாட்டினார், கடைசியில் சொந்தமாக ஒரு மாவு மில்லும் அதற்கு மேலே வீடும் கட்டினார். பள்ளிக்கூடத்துக்குள் அவர் அதிக நேரம் இருந்தது வெள்ளையடிக்கப் போனபோதுதான். ஆனால் ஒரு பிடி கோதுமையை உள்ளங்கையில் வைத்து ஊதினால் போதும், அதில் எவ்வளவு ஈரம், மாவு எப்படி வரும் என்று புட்டுப் புட்டு வைப்பார். தெருவே அவரிடம்தான் அரைத்தது. அந்த மிதப்பு அவர் நடையிலேயே தெரியும். உழைத்து மேலே வந்தவன் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதில் என்ன குற்றம்?

அந்த வருஷம் எலிகள் தலைவிரித்தாடின. சாக்கைக் கடித்தன, பெல்ட்டைக் கூட விட்டு வைக்கவில்லை. சுகாதார அலுவலகம் தெருத் தெருவாக எலி மருந்து கொடுக்க ஆரம்பித்தது. வீடுகளுக்கு மருந்தேற்றிய கோதுமை, அடர்ந்த ரோஸ் சாயத்தில், அட்டைப் பெட்டியில் வரும். மில்லுக்கும் ஓட்டலுக்கும் மளிகைக் கடைக்கும் அது கூடாது. அங்கே அலுவலகத்து ஆளே வந்து, மருந்தை உள்ளே வைத்துப் பூட்டிய பெட்டியைச் சுவரோரம் பொருத்திவிட்டுப் போவார்.

அதைச் சொல்ல வந்த ஆய்வாளர் சின்ன வயசுப் பெண்.

"ஐயா, உங்களுக்குப் பெட்டிதான். சாயக் கோதுமை மில்லுக்குள்ள வரவே கூடாது. பார்த்ததும் இது சாப்பாடு இல்லன்னு தெரியணும்னுதான் சாயமே போட்டிருக்கோம். இது உடனே கொல்லாது. தின்ன எலி சில நாள் நல்லாத்தான் ஓடும். அப்புறம் உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சு சாகும். மனுஷனுக்கும் அதே கதிதான்."

"எலியைப் பத்தி எனக்கே பாடமா? நீ பொறக்குறதுக்கு முன்னாடியே எலியோட குடித்தனம் பண்ணினவன்மா நான்."

"அதான் ஐயா, குடித்தனம் பண்ணினது போதும், அத்து விட்டுடுங்க" என்று சிரித்துவிட்டு அவள் அடுத்த கடைக்குப் போனாள்.

பெட்டி வைத்த இடத்தில் இருந்தது. எலி அதைச் சுற்றிக்கொண்டு போனது. மில்லுக்காரருக்குப் பொறுக்கவில்லை. மாடியில் வீடு இருக்கிறதே, அந்தக் கணக்கைச் சொல்லி ஒரு பெட்டி சாயக் கோதுமை வாங்கி வந்து மில்லில் அரவை மேடைக்கு அடியில் கொட்டினார். மறுநாளும் கொட்டியது கொட்டியபடியே கிடந்தது. சாயத்தைப் பார்த்துத்தான் எலி மிரளுகிறது என்று அவராகவே முடிவு கட்டினார்.

வேறு ஒருவராக இருந்தால் அலுவலகத்தில் போய்க் கேட்டிருப்பார், இல்லை வேறு மருந்து வாங்கியிருப்பார். இவர் மில்லுக்காரர் ஆயிற்றே, கோதுமையைக் கழுவினார். ஊரார் கோதுமையைக் கழுவிக் காயவைத்து அரைத்துக் கொடுத்தே பழகிய கை. தொட்டியில் போட்டுத் தண்ணீர் தெளியும்வரை தேய்த்துத் தேய்த்து அலசினார். ரோஸ் நிறம் சாக்கடையோடு போயிற்று. கோதுமை பளிச்சென்று பழையபடி ஆயிற்று. மொட்டை மாடி மூலையில் ஒரு சாக்கை விரித்துக் காயப் போட்டார். யாரிடமும் சொல்லவில்லை. செய்கிற காரியத்தை வீட்டில் சொல்லிவிட்டுச் செய்கிற பழக்கம் அவருக்கு எந்த நாளிலும் இருந்ததில்லை. அன்றைக்கே அரவைக் கல் வாங்க வெளியூர் கிளம்பிவிட்டார்.

அதே மாடியில் சலவைக்கடைக்காரியின் கோதுமையும் காய்ந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்துக் கடை. இதயத்தில் வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க நாள் தவறாமல் மாத்திரை போடுகிறவள். சர்க்கரையும் உண்டு. அதனால் சோறு தொடமாட்டாள், ரொட்டிதான்.

சில நாள் கழித்துக் கல்லோடு திரும்பியவர், மாடிக்குப் போன வேகத்தில் இறங்கி வந்தார்.

"மூலையில காயப் போட்டிருந்தேனே, எங்கம்மா?"

மருமகள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். "சலவைக்கடை அக்கா கோதுமைதானே மாமா? நீங்க போன அன்னைக்கே திடீர்னு மழை. எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிட்டேன். உங்க மகன் அரைச்சுக் கொடுத்துட்டாரே."

மில்லுக்காரர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் மருமகள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் புருஷனைக் கூட்டி வந்தாள். கேட்டதும் மகன் சொன்னான்.

"நீங்கதான் அலசி எடுத்துட்டீங்களேப்பா."

"சாயத்தை அலசினேன்டா. மருந்து மேல பூசினதா உள்ள ஊறினதான்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

"சரி, மாவுல கல்லுத் தூள் விழுந்திடுச்சுன்னு சொல்லி வாங்கிட்டு வேற மாவு குடுத்துடுங்க. விஷம்னு வாயைத் திறந்தீங்க, நாளைக்கு நம்ம வாசல்ல காக்கா கூட உட்காராது."

புது மாவு டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

சலவைக்கடைக்காரி சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணே, மாவு வீடு தேடி வருது? எலெக்‌ஷன்ல கிலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா?"

"மாவுல கல்லுத் தூள் விழுந்திருக்கும்மா. பழசைக் குடு."

"அதுல பாதி என் வயித்துல இருக்கு. வேணும்னா வந்து அள்ளிக்குங்க." சிரித்தாள். "ஒரு கல்லும் கடிபடலைண்ணே. என் ஈறுதான் சரியில்ல, காலையில இருந்து கசியுது." வாசலோரம் போய்த் துப்பிவிட்டு வந்தாள். சிவப்பு. முழங்கைக்குக் கீழே நீலமாகக் கன்றியிருந்தது.

"இது எங்க இடிச்சுது?"

"யாருக்குத் தெரியும்? இஸ்திரிப் பெட்டியோட மல்லுக்கட்டுற கை." மீதி மாவை டின்னோடு எடுத்துவந்து நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார். அப்படியே போயிருந்தால் போயிருக்கலாம். அவளுக்கு மாத்திரை அதிகமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள், இவர் பெயர் எங்கேயும் வந்திருக்காது. ஆனால் திரும்பினார்.

"கல்லு இல்லம்மா. அதுல எலி மருந்து கலந்திருக்கு."

உள்ளேயிருந்த புருஷன்காரன் பாய்ந்து வந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "என்னய்யா சொன்ன?"

"சட்டையை அப்புறம் பிடிப்பா. முதல்ல வண்டியைப் பிடி. மாத்திரை போடுற உடம்பு, தாங்காது."

மருந்தின் பேர் போட்ட அட்டைப் பெட்டியை மில்லிலிருந்து எடுத்துக்கொண்டு அவரும் வண்டியில் ஏறினார். டாக்டர் பெட்டியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இவங்க மாத்திரையும் இந்த விஷமும் ஒரே வேலையைத்தான் செய்யும். இரட்டிப்பா இறங்கியிருக்கு." உடனே மாற்று மருந்து ஏற்றினார்கள். அது வேலை செய்ய ஆரம்பிப்பதற்குள் தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. உயிர் தங்கியது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. தெருவையே கிண்டலடித்த வாய், தண்ணீர் வேண்டுமென்றால் கூட ஓர் ஓசைதான் எழுப்பியது. அவள் கட்டிலருகே மில்லுக்காரரை விட மறுத்துவிட்டான் புருஷன்.

ஆய்வாளர் மில்லைப் பூட்டி முத்திரை வைக்க வந்தாள். உள்ளே இருந்த அத்தனை தானியமும் மாவும் அழிக்கப்பட வேண்டும் என்றாள். மகன் அப்பாவின் காதோரம் குனிந்தான்.

"அள்ளினது இவதானே? தெரியாம கலந்துட்டான்னு சொன்னா மில்லு தப்பிக்கும்பா. பொம்பளைன்னு அவளையும் கண்டிச்சு விட்டுடுவாங்க."

மருமகள் சுவரோடு சுவராக நின்றாள். மில்லுக்காரர் மகனைப் பார்த்த பார்வையில் அவன் பின்வாங்கினான்.

"அவ அள்ளினது கோதுமையைடா. விஷத்தைக் கோதுமை மாதிரி ஆக்கினவன் நான்." ஆய்வாளரிடம் திரும்பினார். "நான்தான்மா கழுவினேன். கூடாதுன்னு நீ சொன்ன பிறகுதான் கழுவினேன். அப்படியே எழுதிக்க."

அவள் சாவிக்குக் கை நீட்டினாள். கொடுத்தார். கூடியிருந்த கூட்டம் மெல்லக் கலைந்தது.

மறுநாள் விவரம் தெரியாத ஒருத்தி அடுத்த தெருவிலிருந்து தலையில் டின்னோடு வந்து நின்றாள். "மில்லு என்ன பூட்டிக் கிடக்கு? எப்போண்ணே திறப்பீங்க?"

மகன் வேகமாகச் சொன்னான். "பெல்ட் அறுந்திடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

"பெல்ட் அறுகலம்மா" என்றார் மில்லுக்காரர். "என் மில்லுல அரைச்ச மாவுல எலி மருந்து கலந்து ஒரு பொம்பளை ஆஸ்பத்திரியில கிடக்கா. நீ வேற மில்லு பாரு."

அவள் டின்னை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து போனாள்.