நாற்பத்தெட்டு

மரபணு ஆய்வகத்தில் அந்த டெக்னீஷியனுக்கு ‘சாக்கு மன்னன்’ என்று பெயர். சோதனைக்கான புது மருந்துப் பெட்டி வந்தால், நோயில்லாத ரத்தம் என்று ஊழியர் ஒருவரின் ரத்தத்தை மெஷினில் ஓட்டிச் சரிபார்ப்பது அங்கே வழக்கம். ஏதாவது சாக்குச் சொல்லி, பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட அவர் கையை நீட்டியதில்லை.

காரணம் அவருடைய அப்பா. கைகால் தானாக ஆடி ஆடியே செத்தார். அந்த நோய்க்கான மரபணுவில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். நாற்பது முறைக்கு மேல் போனால் நோய் தப்பாது. தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும்போது அந்த எண்ணிக்கை இன்னும் ஏறக்கூடும். அப்பாவுக்கு நாற்பத்திரண்டு.

இன்று ஆய்வகத் தலைவியான மேடம் ஒரு ட்யூபோடு வந்தார்.

"ஸ்டாஃப் செக்கப்புக்கு எடுத்த ரத்தம் ஃப்ரிட்ஜ்ல மிச்சம் இருந்துச்சு, புதுப் பெட்டிக்கு யாரோடதுன்னு பார்க்காம ஓட்டிட்டேன். நாற்பத்தெட்டு காட்டுது! மருந்து கோளாறா?"

டெக்னீஷியன் ட்யூபை வாங்கிப் பார்த்தார். லேபிளில் அவருடைய ஊழியர் எண். அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

"மருந்துதான் மேடம். திருப்பி அனுப்பிடலாம்."

வெளியே வந்ததும் போன் அடித்தது. மகள்.

"அப்பா, எப்ப வருவீங்க?"

அவர் மனம் நாற்பத்தொன்பதிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது.